குளிரில் ஆர்.வி. பயணம்: முதலில் ஹீட்டரைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: டாக்டர், எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்குப் பத்து மாதம். என் கணவரின் நண்பர்கள் நாலு குடும்பமாக ஆளுக்கொரு ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியுள்ள பெரிய வேன்) வாடகைக்கு எடுத்து மூன்று இரவு கேம்பிங் போகிறார்கள். எங்களையும் கூப்பிடுகிறார்கள். அங்கே ராத்திரியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகுமாம். "ஜன்னல், காற்றுத் திறப்பான வென்ட் எல்லாம் அடைத்துவிடுவோம், அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டால் உள்ளே கதகதப்பாகிவிடும், ஜெனரேட்டர் விடிய விடிய ஓடும், வருஷா வருஷம் போகிறோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை" என்கிறார்கள். மாமியாரோ, கைக்குழந்தையை அந்தக் குளிரில் கொண்டுபோனால் நிமோனியா வந்துவிடும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். யார் சொல்வது சரி? குழந்தைக்கு எவ்வளவு உடுத்துவது, எங்கே படுக்கவைப்பது? போகலாமா, வேண்டாமா?

பதில்: போகலாம். ஆனால் அந்த நண்பர்கள் சொன்ன மூன்று பழக்கங்களும் உங்கள் வண்டிக்குள் வரக் கூடாது: வென்ட்டை அடைப்பது, அடுப்பை ஹீட்டராக்குவது, ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓட்டுவது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயம் வந்தது குளிரை நினைத்து அல்ல, இந்த மூன்றும் ஒரே ராத்திரியில் ஒன்று சேர்வதை நினைத்துத்தான். குளிரைப் பார்த்தால் பெரியவர்கள் உஷாராகிவிடுகிறார்கள். கதகதப்பாக இருக்கிறது என்றதும் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள்.

அடுப்பு, ஜெனரேட்டர், கரி அடுப்பு, எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு வரலாம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. காற்றில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றாலும் மணிக்கணக்கில் சுவாசிக்கும்போது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சுவிடுகிறவர்கள், அதனால் அவர்களுக்கு முதலில் தாக்கும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி என்று பார்ப்பதற்கு ஃப்ளூ மாதிரியே இருக்கும், காய்ச்சல் மட்டும் இருக்காது. ஏழு வயதுப் பெண் "அம்மா, தலை வலிக்குது" என்று எழுப்புவாள். பத்து மாதக் குழந்தை என்ன சொல்லும்? சிணுங்கும், பால் வேண்டாம் என்று திரும்பிக்கொள்ளும், அப்புறம் "நல்லாத் தூங்குறான்" என்று நாம் நினைக்கிற மாதிரி துவண்டுபோகும்.

வண்டிக்குள் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி என்றால், அல்லது வெளியே போனால் சரியாகி உள்ளே வந்ததும் திரும்ப ஆரம்பித்தால், காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாரும் இறங்குங்கள், அவசர உதவியைக் கூப்பிடுங்கள். ஜன்னலைத் திறந்து காற்று வாங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். இதற்கு மருந்து ஆக்ஸிஜன், அது ஆம்புலன்ஸிலும் ஆஸ்பத்திரியிலும்தான் கிடைக்கும்.

வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போதே கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பட்டனை அழுத்தினால் கத்தும். அது பேட்டரியும் ஒலியும் சரியாக இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு, மாடலைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து வருஷம். அலாரத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் தயாரித்த தேதியோ மாற்ற வேண்டிய தேதியோ அச்சிட்டிருக்கும். தேதி தாண்டியிருந்தால் புதிது கேளுங்கள், தயங்காதீர்கள். தரையோரம் இன்னொரு அலாரம் இருக்கும், அது பெரும்பாலும் வண்டியின் எரிவாயுவான புரொபேன் கசிவைச் சொல்வது. புரொபேன் காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும் என்பதால் அங்கே வைக்கிறார்கள். சில வண்டிகளில் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். எது எதற்கு என்று தெரிந்துகொண்டு சாவியை வாங்குங்கள். நான் என்றால் பேட்டரியில் ஓடும் தனி அலாரம் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்வேன்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு எதை வைத்துச் சூடாக்குவது என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வண்டியோடு வரும் ஃபர்னஸ், அதாவது எரிவாயு ஹீட்டர், இதற்காகவே செய்யப்பட்டது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியிலேயே விடும். நீங்கள் சுவாசிக்கும் காற்றும் அது எரிக்கும் காற்றும் கலப்பதில்லை. வெளிச்சுவரில் அதன் புகைவாய் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பனி விழுந்தாலோ, யாராவது மடக்கு நாற்காலிகளைச் சாய்த்து வைத்தாலோ அது அடைபடக் கூடாது.

ஃபர்னஸில் ஒரு சிக்கல் உண்டு. எரிவாயு அதற்குத் தாராளமாக இருக்கும், சூடான காற்றைத் தள்ளும் விசிறிதான் 12 வோல்ட் பேட்டரியைக் குடித்துவிடும். குளிரில் பேட்டரியின் சக்தியே குறைந்துபோகும். விடிகாலை மூன்று மணிக்கு விசிறி நின்று வண்டி சில்லிடுவது ஆர்.வி.க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஜெனரேட்டரை விடிய விடிய ஓடவிடும் பழக்கம் இந்தப் பயத்திலிருந்துதான் பிறக்கிறது. இதற்கு வழி சுலபம்: மின் இணைப்பு உள்ள இடத்தை முன்பதிவு செய்யுங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் மின்சாரம் இல்லாத இடத்தில் வீரம் காட்ட வேண்டிய அவசியம் என்ன? இன்னொன்று, முறையான கேம்ப்கிரவுண்டுகள் பெரும்பாலானவற்றில் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கிக் காலை வரை அமைதி நேரம். ஜெனரேட்டரை அந்த நேரத்தில் போடவே விடமாட்டார்கள். பகலில் போட்டாலும் நாலு வண்டி நெருங்கி நிற்கும்போது, உங்கள் நண்பரின் ஜெனரேட்டர் புகை உங்கள் ஜன்னல் வழியாக உங்கள் பிள்ளைகளிடம் வரும். வண்டிகளை நிறுத்தும்போதே அவர் புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனியுங்கள்.

மின் இணைப்பு இருந்தால் மின்சார ஹீட்டர் வைக்கலாம். நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், நீட்டிப்பு வயரில் வேண்டாம். சாய்ந்தால் தானே அணைகிற ரகமாக இருக்கட்டும், சுற்றிலும் ஒரு மீட்டருக்குள் போர்வையோ பிள்ளையோ வரக் கூடாது. ஆர்.வி.யின் அகலத்துக்கு அந்த ஒரு மீட்டர் கிடைப்பதே கஷ்டம். தவழுகிற குழந்தை இருக்கும் வண்டியில் நான் இதை இரண்டாவது தேர்வாகத்தான் வைப்பேன். அதோடு பல வண்டிகளில் ஃபர்னஸின் சூடான காற்றுதான் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்க் குழாய்களையும் உறையாமல் காக்கிறது. உள்ளே ஹீட்டர் போட்டுக் கதகதப்பாகிவிட்டால் தெர்மோஸ்டாட் ஃபர்னஸைக் கிளப்பாது, காலையில் குழாய் திறந்தால் சொட்டு வராது.

அடுப்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. விஷவாயு ஒருபுறம் இருக்கட்டும், ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். ஃபர்னஸ் அந்த ஆவியை வெளியே விட்டுவிடும், அடுப்பு உங்கள் மேலேயே விடும். நாலு பேர் மூச்சுக்காற்றும் அதோடு சேர, வென்ட்டையும் அடைத்துவிட்டால் காலையில் கண்ணாடியில் தண்ணீர் ஓடும். மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பலகை நனைந்திருக்கும். ஈரமான படுக்கை குளிர்ந்த படுக்கை. கூரை வென்ட்டை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள். சமைக்கும்போது விசிறியும் ஓடட்டும். கொஞ்சம் சூடு போகும், போகட்டும்.

இப்போது மாமியாருக்கு. அவர் கவலை அக்கறையில் வருவது, அதை அப்படியே மதியுங்கள். ஆனால் குளிர்காற்று நிமோனியாவைத் தருவதில்லை, கிருமிகள் தருகின்றன. குளிர்காலத்தில் அவை அதிகம் பரவ ஒரு முக்கியக் காரணம், எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே காற்றை மாறி மாறிச் சுவாசிப்பது. ஆகவே உங்கள் மகனுக்குப் பெரிய அபாயம் வெளியே நிற்கும் பனி அல்ல, குளிருக்காக நாலு குடும்பமும் ஒரே வண்டிக்குள் அடைந்து சீட்டாடும் சாயங்காலமும், அதில் ஒரு இருமல் பிள்ளையும்தான். "எங்கள் வண்டியில் சின்னவன் தூங்குகிறான்" என்று சொல்லி வெளியே நாற்காலி போடுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போடலாம். முதல் முறை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ், கிளம்புவதற்கு முந்தின நாள் நினைத்துக்கொண்டால் பிரயோஜனமில்லை. மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லலாம்: நாய் குரைப்பது போன்ற இருமலோடு குழந்தை நடுராத்திரி எழுந்தால், போர்வை சுற்றிக் குளிர்ந்த வெளிக்காற்றில் சில நிமிடம் வைத்திருக்கச் சொல்வோம், அது மூச்சுக்குழாய் வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். மூச்சிழுக்கும்போது ஓசை வந்தாலோ, நெஞ்சு குழிந்தாலோ நேராக ஆஸ்பத்திரி.

படுக்கைக்கு வருவோம். ஒரு வயது வரை குழந்தை மல்லாந்து, உறுதியான சமதளத்தில், தனியாகப் படுக்க வேண்டும், தலையணையோ தளர்ந்த போர்வையோ பக்கத்தில் இருக்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. குளிர் என்பதால் இதில் சலுகை இல்லை. "நடுவில் போட்டுக்கொண்டால் எங்கள் சூடு கிடைக்குமே" என்று உங்களுக்குத் தோன்றும். ஆர்.வி. கட்டில் குறுகல், கனமான போர்வை, அசந்த பெற்றோர், இந்த மூன்றுக்கும் நடுவில் கைக்குழந்தையைப் படுக்கவைக்கக் கூடாது. சாப்பாட்டு மேஜையை மடக்கிச் செய்யும் படுக்கையிலும் வேண்டாம், மெத்தைத் துண்டுகளுக்கு நடுவே இடுக்கு விழும். மடக்குத் தொட்டில் ஒன்று கொண்டுபோங்கள், அதை விரிக்கத் தரையில் இடம் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்னாலேயே வண்டியின் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். போர்வைக்குப் பதில் குழந்தைக்கு மாட்டிவிடும் தூக்க அங்கி, அளவு சரியாக, கழுத்து வழியே தலை உள்ளே நழுவாதபடி. பெரியவர்களின் ஸ்லீப்பிங் பேக்கில் குழந்தையைப் போடவே கூடாது.

எவ்வளவு உடுத்துவது என்றால், அந்த அறையில் உங்களுக்கு வசதியாக இருப்பதைவிட ஒரு அடுக்கு கூட, அதற்கு மேல் வேண்டாம். தொப்பி வெளியே மட்டும், தூங்கும்போது கழற்றிவிடுங்கள், தலைவழியாகத்தான் குழந்தை தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ராத்திரி சந்தேகம் வந்தால் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துப் பதற வேண்டாம், அவை குளிர்ந்திருப்பது சகஜம். பிடரியிலும் நெஞ்சிலும் கைவையுங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். நான் பார்த்தவரையில் கேம்பிங் போகும் பெற்றோர் குழந்தையைக் குளிரவிடுவதைவிட வேகவைப்பதுதான் அதிகம், அதிகச் சூடும் தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்கு ஒரு அபாயக் காரணிதான்.

மூத்தவள் விஷயத்தில் எதிரி ஈரம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ, அதன் மேல் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி), அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஓடி விளையாடும்போது ஒன்றைக் கழற்றி, நின்றதும் போட்டுக்கொள்ள வேண்டும், "வியர்க்கும் முன்னால் கழற்று" என்று சொல்லிக்கொடுத்தால் ஏழு வயதுக்குப் புரியும். ராத்திரிச் சடங்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: பகலில் போட்ட உள்ளாடை, காலுறை எல்லாம் கழற்றி, தூங்குவதற்கென்றே ஒதுக்கிய உலர்ந்த ஜோடியை மாட்டுவது. காலுறை தொட்டுப் பார்க்க உலர்ந்த மாதிரிதான் இருக்கும், கழற்றினால் விரலிடுக்கில் ஈரம் தெரியும். அதோடு படுத்தால் பாதம் விடியும்வரை சூடேறாது. படுக்கும் முன் ஏதாவது சாப்பிடட்டும், உடம்பு எரிக்க எரிபொருள் வேண்டுமே. கடைசியாகக் கழிப்பறை. குளிரில் சிறுநீர் அதிகம் ஊறும். அடக்கிக்கொண்டு படுத்த பிள்ளை அரைத்தூக்கத்தில் நெளிந்துகொண்டிருக்கும், நாம் குளிர் என்று நினைத்து இன்னொரு போர்வை போடுவோம்.

ஸ்லீப்பிங் பேக்கில் அச்சிட்டிருக்கும் வெப்ப எண் வயதுவந்தவர்களின் உடலை வைத்துக் கணக்கிட்டது, சிறு பெண்ணுக்கு அதை நம்பாதீர்கள். பெரிய அளவு பேக் என்றால் கால்பக்கம் மிஞ்சும் காலியிடத்தில் நாளைக்குப் போட வேண்டிய துணியைத் திணித்துவிடுங்கள், இடமும் அடையும், காலையில் துணியும் வெதுவெதுப்பாக இருக்கும். வெந்நீர்ப்பை போட்டுப் படுக்கையைச் சூடாக்கலாம், அவள் ஏறிப் படுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் கட்டிலைப் பார்த்ததும் அவள் அதற்குத்தான் ஆசைப்படுவாள். வலையோ கம்பியோ தடுப்பாக இருந்தால் மட்டும் விடுங்கள்.

வண்டி ஓடும்போது எல்லாரும் உட்கார்ந்து பெல்ட் போட்டிருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போவது, நொறுக்குத்தீனி எடுப்பது, சோஃபாவில் சாய்வது எல்லாம் நின்ற பிறகு. ஆர்.வி.க்காரர்களிடம் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இதில்தான், வீடு மாதிரி இருப்பதால் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போவது மறந்துபோகிறது. கார் சீட்டை முன்பக்கம் பார்த்த இருக்கையில்தான் கட்ட வேண்டும், பக்கவாட்டு இருக்கையிலோ பின்னோக்கிய இருக்கையிலோ கூடாது. (பத்து மாதக் குழந்தையின் கார் சீட் பின்னோக்கித்தான் இருக்கும், அது பொருத்தப்படும் வண்டி இருக்கையைச் சொல்கிறேன்.) அப்படிப்பட்ட இருக்கை எத்தனை இருக்கிறது என்று வாடகைக்காரரிடம் கேளுங்கள், "ஆறு பேர் தூங்கலாம்" என்றால் ஆறு பேர் பத்திரமாகப் பயணம் செய்யலாம் என்று அர்த்தமில்லை. பஞ்சு ஜாக்கெட்டோடு கார் சீட்டில் கட்டாதீர்கள். மோதலில் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, இறுக்கக் கட்டி, மேலே போர்வை போடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும், வண்டிகள் பின்னால் எடுத்து நிறுத்தப்படும் அந்த அரைமணி நேரம் பிள்ளைகள் எல்லாரும் ஒரு பெரியவரின் கைப்பிடியில் இருக்கட்டும். அவ்வளவு நீள வண்டிக்குப் பின்னால் ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. பக்கச் சுவர் வெளியே நகரும் ரக வண்டி என்றால் அதை இழுக்கும்போதும் அப்படியே. சாயங்காலம் சீக்கிரம் இருட்டும், ஜாக்கெட்டில் ஒரு சின்ன விளக்கைக் குத்திவிடுங்கள். அடுத்தவர் இடத்தின் குறுக்கே ஓடக் கூடாது என்பது கேம்ப்கிரவுண்டின் எழுதாத சட்டம். மரியாதைக்கு மட்டுமல்ல, அங்கே கயிறு, வயர், சூடான கிரில் எங்கே இருக்கிறது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியாது.

நெருப்பு மூட்டுவார்கள். எரியும்போது எல்லாரும் கவனமாக இருப்பார்கள், காலையில்தான் ஆபத்து. மண்ணைப் போட்டு மூடினால் தணல் அடியில் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே வெறும் சாம்பல்தான் தெரியும், தவழுகிற குழந்தையும் ஓடிவருகிற பெண்ணும் நேராக அதில் கைவைப்பார்கள். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சூடு இல்லை என்று பார்த்துவிட்டுப் படுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர், ஐஸ் வேண்டாம்.

தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்க சில வண்டிகளில் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றியிருப்பார்கள். ஆர்.வி.க்கான இளஞ்சிவப்பு ரகம் புரொப்பிலீன் கிளைக்கால், அதில் பயம் குறைவு. காரின் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகத்தைக் கெடுக்கும். யாராவது "அவசரத்துக்கு" என்று ஒரு டப்பாவை வண்டியில் வைத்திருந்தால் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மற்றபடி ராத்திரி வெளிக்குழாயைக் கழற்றிவிட்டு உள் தொட்டித் தண்ணீரைப் பயன்படுத்துவது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவைத் திறந்துவைப்பது, இதெல்லாம் உங்கள் நண்பர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அதில் அவர்கள் சொல்படி கேளுங்கள்.

கடைசியாக, குளிர் உண்மையிலேயே தாக்கினால் எப்படித் தெரியும்? உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. பெரிய பிள்ளை முதலில் நடுங்கும், எரிச்சலாகும், பிறகு நடை தடுமாறும், ஜிப்பைக்கூட இழுக்க முடியாது, பேச்சு குழறும். நடுக்கம் தானாக நின்று பிள்ளை அமைதியானால் குணமாகவில்லை, மோசமாகிறது. கைக்குழந்தை பெரும்பாலும் நடுங்காது. தோல் சிவந்து குளிர்ந்திருக்கும், அழுகை மெலிந்து, சோர்ந்து கிடக்கும். கன்னம் சிவப்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். ஈரத்துணியைக் கழற்றுங்கள், உங்கள் வெற்று மார்போடு அணைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்தச் சொல்லுங்கள், உடனே உதவிக்குக் கூப்பிடுங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள். விரலோ காதோ வெளுத்து மரத்துப்போயிருந்தால் அதையும் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது, மரத்த இடத்துக்குச் சுடுவது தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம், மறுபடி உறையாது என்று நிச்சயம் இருந்தால் மட்டும்.

"யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை" என்கிற நண்பரிடம் வாதம் செய்ய வேண்டாம். அவர் வண்டி அவர் இஷ்டம் என்றும் விட முடியாது, அங்கேயும் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அலாரத்தின் பின்பக்கத் தேதியை எல்லா வண்டியிலும் பார்க்கும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். டார்ச்சோடு போய்ப் பார்க்கும் வேலை என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

சின்னவன் குறைமாதத்தில் பிறந்தவன், இதயக் கோளாறோ அடிக்கடி வீசிங்கோ உள்ளவன் என்றால் இந்த வருஷம் விட்டுவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் காய்ச்சலோ மார்ச்சளியோ வந்தாலும் அப்படியே. இல்லையென்றால் மூன்று இரவுக்கு ஒப்புக்கொள்ளும் முன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இரவு அந்த வண்டியில் தங்கிப் பாருங்கள். ஃபர்னஸ் கிளம்புகிறதா, தொட்டில் விரிகிறதா, மகள் ராத்திரி எத்தனை தடவை எழுகிறாள் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். சரிப்படவில்லை என்றால் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.